வைக்கோலை எரிக்காதவருக்குக் கூலி எங்கே?

தீபாவளி முடிந்து டில்லியில் கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் தொடங்கும்போது, தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "நம் ஊரில் வைக்கோலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்தப் பஞ்சாப்காரர்கள் அதை ஏன் வயலிலேயே வைத்துக் கொளுத்துகிறார்கள்?"

கேள்வி நியாயமானதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் மிஷினில் அறுத்த வயலில்கூட வைக்கோலைக் கட்டுக் கட்டாக உருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கு அதற்கு எப்போதும் விலை உண்டு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கதை வேறு. அங்கே மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோலை. பாசுமதி வைக்கோல் ஓரளவு தீவனமாகிறது. சர்க்கார் கொள்முதலுக்காகப் பயிரிடும் மற்ற நெல் ரகங்களின் வைக்கோல் முரடானது. மாடு விரும்பித் தின்பதில்லை. அறுவடை மிஷின் கதிரை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விடும். ஒரு அடி உயரத்துக்குத் தாள் நிற்கும். துப்பிய வைக்கோல் அதன்மேல் பரவிக் கிடக்கும். அடுத்த கோதுமை விதைப்புக்கு விவசாயியின் கையில் இருப்பது மூன்று வாரம். நவம்பர் நடுவைத் தாண்டினால் விளைச்சல் குறையும்.

இந்த மூன்று வாரத்தில் தாளை அகற்ற மிஷின் வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். தீ வைப்பதென்றால் ஒரு தீப்பெட்டி போதும். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தயாராகும் அந்தத் தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆயிற்று. அந்த 2 ரூபாயோடு போட்டி போட அரசாங்கம் என்ன கொடுக்கிறது என்பதுதான் விஷயத்தின் மையம்.

எப்படி வந்தது இந்த நெல்?

பஞ்சாபில் வீட்டுச் சாப்பாடு ரொட்டிதான். அங்கே விளையும் நெல்லில் பெரும் பகுதி அரிசியாகி, மத்தியத் தொகுப்புக்குப் போய், கூட்ஸ் வண்டிகளில் ஏறி வெளி மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்குச் சேருகிறது. 1960-களில் நாடு உணவுக்குத் தவித்தபோது மத்திய அரசு பஞ்சாப் விவசாயிக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. கோதுமையும் நெல்லும் எவ்வளவு விளைந்தாலும் ஆதார விலையில் எடுத்துக்கொள்கிறோம் என்பது அந்த வாக்கு. அது இன்றுவரை மீறப்படவில்லை. 1997-ல் மாநில அரசு பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரமும் அறிவித்தது. நடுவில் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டாலும் பின்னர் அது திரும்பி வந்தது.

விளைவு, சுமார் 31 லட்சம் ஹெக்டேரில் நெல். ஆண்டுதோறும் மழையும் கால்வாயும் நிலத்தடியில் ஊறவைக்கும் நீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பஞ்சாப் இறைத்துக் கொண்டிருக்கிறது.

நிலத்தடி நீர் இறங்குவதைக் கண்டு 2009-ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-ந் தேதிக்கு முன் நாற்று நடக்கூடாது. மழையை ஒட்டி நட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் தள்ளிப் போயிற்று. தாள் எரிப்பது அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் நகர்ந்தது. அந்த நேரத்தில்தான் வட இந்தியாவில் காற்று ஓய்ந்து, குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கிறது. தண்ணீரைக் காக்க வந்த சட்டம் புகையை டில்லியின் தலைக்குமேல் நிறுத்தியது. நடவுத் தேதி பின்னர் பலமுறை மாற்றப்பட்டு, 2025-ல் சில மாவட்டங்களுக்கு ஜூன் 1-ந் தேதிக்கே கொண்டுவரப்பட்டது.

ஆக, விவசாயி தானாக நெல்லுக்குப் போகவில்லை. விலையும் மின்சாரமும் கொடுத்து அழைத்துச் செல்லப்பட்டார். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் எரிக்காமல் இருக்கப் பணம் கொடுப்பது சரியா என்ற விவாதத்துக்கே பொருள் உண்டு.

மிஷினுக்குக் கிடைத்த பணம்

2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாள் எரிப்பதைத் தடை செய்து அபராதம் விதித்தது. 2 ஏக்கருக்குள் 2,500 ரூபாய், 5 ஏக்கர் வரை 5,000, அதற்கு மேல் 15,000. தடையால் மட்டும் காரியம் நடக்கவில்லை. 2018-ல் மத்திய அரசு மானியத் திட்டம் கொண்டுவந்தது. தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் மிஷின், தாளை மண்ணோடு மடக்கும் மிஷின் ஆகியவற்றுக்குத் தனி விவசாயிக்கு 50 சதவீதம், கூட்டுறவு சங்கங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 சதவீதம் மானியம். 2024-25 வரை 3,600 கோடி ரூபாய்க்கு மேல் விடுவிக்கப்பட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்கள் வழங்கப்பட்டன.

தொகை பெரிது. பயன் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பணம் மிஷினுக்குப் போனதே தவிர, மிஷினை ஓட்டும் செலவுக்குப் போகவில்லை. தாளோடு விதைக்கும் மிஷினின் விலை 2 லட்சத்துக்கு மேல். அதை இழுக்க 50 குதிரைச் சக்திக்குக் குறையாத டிராக்டர் வேண்டும். ஆண்டில் மூன்று வாரம் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும். பெரிய விவசாயி மானியத்தில் வாங்கிக்கொண்டார். மூன்று ஏக்கர்க்காரர் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் மிஷின் தேவைப்படும். அவர் முறை வருவதற்குள் விதைப்புக் காலம் முடிந்துவிடலாம். வாடகையும் டீசலும் அவர் கைக்காசு.

நூறு ரூபாய் உத்தரவு

2019 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கப் பார்த்தது. தாளை எரிக்காத சிறு, குறு விவசாயிகளுக்கு, பாசுமதி அல்லாத நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் வீதம் ஏழு நாளுக்குள் கொடுக்கும்படி பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச அரசுகளுக்கு உத்தரவிட்டது. பஞ்சாபில் ஏக்கருக்கு 25 குவிண்டாலுக்குக் குறையாமல் நெல் விளைகிறது. எனவே ஏக்கருக்கு 2,500 ரூபாய் என்று கணக்காயிற்று. பஞ்சாப் அரசும் 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு அதே தொகையை அறிவித்தது.

முதல் தடவையாகப் பணம் மிஷினை விட்டு மனிதனிடம் வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. உத்தரவு வந்தபோது பெரும்பாலான வயல்கள் ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தன. யார் எரித்தார், யார் எரிக்கவில்லை என்று சரிபார்க்க அதிகாரிகளிடம் முறையான ஏற்பாடு இல்லை. தகுதியில்லாதவர்களும் பணம் வாங்குவதாகப் புகார் கிளம்பியது. ஒரு பகுதியினருக்குக் கொடுத்ததோடு பட்டுவாடா நின்றது. அடுத்த ஆண்டு அந்தப் பணம் வரவில்லை. முந்தின ஆண்டு எரிக்காமல் காத்திருந்தவருக்கு அது ஒரு பாடமாகிவிட்டது.

2022-ல் பஞ்சாப் அரசு மறுபடி ஒரு யோசனை சொன்னது. ஏக்கருக்கு 2,500 ரூபாய். அதில் மத்திய அரசு 1,500, பஞ்சாப் 500, டில்லி 500. புகையால் பாதிக்கப்படும் ஊரும் பங்கு கொடுக்கட்டும் என்ற அந்த யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. விஷயம் அத்துடன் முடிந்தது.

அபராதம் மட்டும் வளர்ந்தது

பணம் கொடுக்கும் திட்டங்கள் இப்படித் தட்டுத் தடுமாறிய காலத்தில், பணம் வாங்கும் திட்டம் ஒழுங்காக வளர்ந்தது. டில்லி சுற்றுவட்டாரக் காற்றுக்கென்று ஆணையம் அமைத்து 2021-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. விவசாயிகள் போராட்டம் நடந்த காலமாதலால், சிறைத் தண்டனைப் பிரிவிலிருந்து விவசாயிகளுக்கு விலக்குக் கிடைத்தது; அபராதத் தொகை வசூல் மட்டும் நீடித்தது. 2024 நவம்பரில் அந்தத் தொகை இரட்டிப்பாயிற்று. 2 ஏக்கருக்குள் 5,000, 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய். அதற்கு ஒரு மாதம் முன்பு ஹரியானா அரசு, எரித்தவரின் பெயரில் சிவப்புக் குறி போட்டு, அடுத்த இரண்டு பருவத்துக்கு மண்டியில் ஆதார விலைக்கு விற்க முடியாதபடி செய்தது. 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், சிலரை ஜெயிலுக்கு அனுப்பினால் மற்றவர்களுக்குச் சரியான எச்சரிக்கையாக இருக்குமே என்று கேட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எரித்த வயல் யாருடையது என்று சாட்டிலைட் படத்தையும் நிலப் பதிவேட்டையும் வைத்துக் கண்டுபிடித்து, அவர் மண்டியில் நெல் விற்பதை நிறுத்த அரசாங்கத்தால் முடிகிறது. அதே பதிவேட்டை வைத்து, எரிக்காத வயல் யாருடையது என்று கண்டு, நெல் விற்ற பணத்தோடு 100 ரூபாயைச் சேர்த்துப் போட முடியாதா? 2021 முதல் பஞ்சாபிலும் கொள்முதல் பணம் நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. தண்டிக்க உதவும் பதிவேடு கொடுப்பதற்கு மட்டும் உதவாது என்பது பொருந்தாத பேச்சு.

ஹரியானாவின் வழி

பணம் கொடுத்துப் பார்த்த மாநிலம் ஹரியானா. அங்கே தாளை மண்ணோடு மடக்கினாலும், கட்டிக் கொடுத்தாலும் ஏக்கருக்கு 1,000 ரூபாய் என்று சில ஆண்டுகளாக இருந்தது. 2025-ல் 1,200 ஆயிற்று. 2020-ல் தொடங்கிய வேறொரு திட்டத்தில், நெல்லை விட்டு மக்காச்சோளம், பருப்பு வகைகளுக்கு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்து, 2025-ல் அதையும் 8,000 ஆக்கினார்கள். தொகை குறைவா, கூடுதலா என்பதைவிட, ஆண்டுதோறும் பட்ஜெட்டில் அது நிற்கிறது என்பதே அதன் பலம்.

ஹரியானாவில் 2021-ல் சுமார் 7,000 தீ இடங்கள் பதிவாயின, 2025-ல் 662. இதைப் பார்த்துப் பணமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. ஏக்கருக்கு ஏக்கர் பணம் கொடுக்காத பஞ்சாபிலும் அதே காலத்தில் எண்ணிக்கை 71,304-லிருந்து 5,114-க்கு இறங்கியிருக்கிறது. மிஷின்கள் பெருகியதும், வைக்கோலைத் தொழிற்சாலைக் கொதிகலன்கள் வாங்கத் தொடங்கியதும், போலீஸ் வழக்குகளும் அதற்குக் காரணங்கள். 2025-ல் பஞ்சாபின் வெள்ளம் பல வயல்களில் பயிரையே கொண்டுபோய்விட்டது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தீயை எண்ணும் சாட்டிலைட்டுகள் பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகின்றன. அவை போன பிறகு வைத்த தீ கணக்கில் வராமல் போகக்கூடும். நாள் முழுவதும் ஒரே இடத்தைப் பார்க்கும் வேறு சாட்டிலைட்டுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், எரிப்பு மாலை நேரத்துக்கு நகர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எரிந்த பரப்பு, தீ எண்ணிக்கை அளவுக்குக் குறையவில்லை என்றும் கூறுகிறார்கள். அபராதத்துக்குப் பயந்தவர் ஒளிந்து எரிப்பார். எரிக்காததற்குப் பணம் என்றால், வயலைக் காட்டிப் பணம் வாங்க அவரே முன்வருவார். இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கணக்குப் பார்த்தால்

செலவு எவ்வளவு ஆகும்? 2024-25 பருவத்தில் பஞ்சாபில் கொள்முதல் ஆன நெல் சுமார் 170 லட்சம் டன். முதல் ரக நெல்லுக்கு அந்த ஆண்டு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,320 ரூபாய். மொத்தம் 39,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. குவிண்டாலுக்கு 100 ரூபாய் என்றால் 1,700 கோடி. சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றால் இன்னும் குறையும். நெல் விளைவிக்க 100 ரூபாய் கொடுக்கும் சர்க்கார், அந்த நெல்லின் தாளை எரிக்காமல் இருக்க 4 ரூபாய் 30 காசு கூடுதலாகக் கொடுப்பதா வேண்டாமா என்பதே கேள்வி.

"குற்றம் செய்யாமல் இருப்பதற்குக் கூலியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் ஒதுக்கக்கூடிய வாதமல்ல. ஒருமுறை கொடுத்தால் நிறுத்த முடியாது; நாளைக்கு ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஆனால் ஆதார விலையும் இலவச மின்சாரமும்கூட அப்படித்தான் வந்தன. அவற்றின் செலவில்தான் இந்தப் புகையே எழுகிறது. வெளிநாடுகளிலும் இந்த வழி புதிதல்ல. சீனா 1999-ல், சரிவான நிலத்தில் உழவை விட்டு மரம் வளர்க்கும் குடியானவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுக்கத் தொடங்கியது. எட்டு ஆண்டு வரை கொடுப்போம் என்று முதலிலேயே சொன்னது. பிறகு நீட்டித்தது. இங்கிலாந்து இதற்கு மாறாக, மண்ணையும் வேலியோரச் செடிகொடிகளையும் காப்பவர்களுக்கென்று தொடங்கிய ஒரு திட்டத்தில், 2025 மார்ச்சில் திடீரென்று புது மனுக்களை வாங்குவதை நிறுத்தியது. விண்ணப்பிக்கத் தயாராக இருந்தவர்கள் ஏமாந்தார்கள். காலம் குறித்துச் சொல்லிக் கொடுப்பதும், கொடுப்பது போலக் காட்டி நிறுத்துவதும் ஒன்றல்ல.

தாள் பிரச்னை தீர்ந்தாலும் தண்ணீர்ப் பிரச்னை தீராது என்பதையும் மறக்கக்கூடாது. நெல் பரப்பே குறைய வேண்டும். 2025-ல் பஞ்சாப் ஆறு மாவட்டங்களில், நெல்லிலிருந்து மக்காச்சோளத்துக்கு மாறுவோருக்கு ஹெக்டேருக்கு 17,500 ரூபாய் கொடுக்கும் சோதனையைத் தொடங்கியது. மக்காச்சோளத்துக்கு அரசாங்கம் ஆதார விலை அறிவிக்கிறது. ஆனால் நெல்லுக்கு வந்து நிற்பது போல மண்டிக்கு வந்து எடுப்பதில்லை. ஒரு தடவை கிடைக்கும் 17,500-ஐவிட வருஷாவருஷம் நெல் எடுக்கப்படும் என்ற நிச்சயம் பெரிது என்று விவசாயி நினைத்தால், அவரைக் குறை சொல்ல முடியாது.

பதிவில் இல்லாதவர்கள்

எந்தத் திட்டமாயினும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. பஞ்சாபில் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோர் ஏராளம். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை. நிலப் பதிவேட்டில் உள்ள பெயர் நிலச் சொந்தக்காரருடையது. ஏக்கருக்கு இவ்வளவு என்று அறிவித்தால் பணம் அவர் கணக்குக்குப் போகும். மிஷின் வாடகையும் டீசலும் குத்தகைதாரர் தலையில் விழும். மண்டியில் நெல் விற்றவர் பெயருக்குக் கொடுத்தால் இந்தக் குறை ஓரளவு தீரும். அதற்குக் குத்தகையைப் பதிவு செய்ய நிலச் சொந்தக்காரர் பயப்படாத ஒரு வழியைச் சர்க்கார் காண வேண்டும்.

டில்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. காற்று மிகவும் கெட்டுவிட்டால் மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்துக் கட்டட வேலைகளை நிறுத்துகிறார்கள். கொத்தனாரும் சித்தாளும் கூலி இல்லாமல் உட்கார வேண்டியதுதான். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், வேலை இழந்த தொழிலாளிகளுக்கு நல நிதியிலிருந்து பிழைப்புப் பணம் கொடுக்கச் சொன்னது. டில்லியில் 8,000 ரூபாய் என்று முடிவாகி, முதலில் 2,000 மட்டும் கொடுத்து, கோர்ட் கண்டித்த பிறகே மீதிக்கு வழி பிறந்தது. 2025 டிசம்பரில் டில்லி அரசு 10,000 ரூபாய் அறிவித்தது. இரண்டு முறையும் பணம் பதிவு செய்த தொழிலாளிக்குத்தான். பதிவு அட்டை இல்லாதவர் வேலையையும் இழந்தார், பணத்தையும் இழந்தார்.

வயலில் குத்தகைதாரர் இருக்கும் இடத்தில்தான் சாரத்தின்மேல் இந்தத் தொழிலாளி நிற்கிறார். ஊருக்கெல்லாம் நல்ல காற்று வேண்டும் என்று ஒருவரிடம் பிழைப்பை நிறுத்தவோ, கூடுதல் செலவை ஏற்கவோ சொன்னால், அந்தச் செலவை ஊர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இது தர்மமல்ல, நேர்மையான கணக்கு. டில்லியின் புகை முழுவதும் பஞ்சாபிலிருந்து வருவதும் அல்ல. தாள் தீ மிகவும் குறைந்ததாகச் சொல்லப்பட்ட 2025 நவம்பர், டிசம்பரிலும் டில்லியின் காற்று படுமோசம் என்ற அளவைத் தொட்டது. மோட்டார் வண்டிகளும் தொழிற்சாலைகளும் தூசியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. விவசாயியை மட்டும் கூண்டில் நிறுத்துவது அதனாலும் நியாயமாகாது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. தொகையை அறுவடைக்கு முன்பே, நடவு நேரத்திலேயே அறிவிக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு மாறாது என்று சொல்ல வேண்டும். நெல் விற்ற பணத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பயிரிட்டவர் பெயருக்குக் கொடுக்க வேண்டும். மத்திய அரசு, பயிரிடும் மாநிலம், புகையைச் சுவாசிக்கும் டில்லி ஆகிய மூவரும் பங்கு போட வேண்டும். அதற்குப் பிறகும் எரிப்பவர் மீது அபராதம் போட்டால் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

நெல் வாங்குவதில் அரசாங்கம் கொடுத்த வாக்கை அறுபது ஆண்டாகப் பஞ்சாப் விவசாயி நம்பி வருகிறார். ஏனென்றால் அது தவறியதில்லை. தாளை எரிக்காமல் இருக்கக் கொடுத்த வாக்கு ஒரே பருவத்தில் காற்றோடு போயிற்று. இரண்டாவது வாக்குக்கும் முதல் வாக்கின் மதிப்பு வரும்வரை, நவம்பர் மாதத்தில் 2 ரூபாய்த் தீப்பெட்டிதான் விவசாயிக்கு நிச்சயமான துணை. அதன் மீதி விலையை டில்லியில் மூச்சு விடுபவர்கள் செலுத்திக் கொண்டிருப்பார்கள்.